வேலிப் பொட்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தென்மராட்சியில் வேலி இல்லாத வளவைக் காண்பது அரிது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று கதியால் நட்டு, அதில் கிடுகோ பனையோலையோ வைத்து, வரிச்சுப் பிடித்து இறுக்கிக் கட்டுவார்கள். ஓலை உக்கிப்போனதும் மறுபடி அடைக்க வேண்டும். கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகக் கூடப்பிறந்தவர்கள் பேச்சுவார்த்தையை முறித்திருக்கிறார்கள். வழக்குப் பேசக் கோட்டுக்கும் போயிருக்கிறார்கள். அப்படிக் காத்த வேலிகளிலேயே, கிணற்றடிப் பக்கமாகவோ குசினிக்குப் பின்புறமாகவோ, ஓர் ஆள் குனிந்து நுழையுமளவுக்கு ஒரு பொட்டு இருக்கும். விருந்தாளிகள் படலையால் வருவார்கள். அயலட்டைச் சனம் பொட்டால் வரும். வேலி அடைக்க வருகிறவரும், யாரும் சொல்லாமலே, அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடைப்பார்.

எங்கள் வீடு மட்டுவில் பக்கம். கத்தரிக்காய்க்குப் பெயர்போன மண். பங்குனித் திங்களில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்க எங்கிருந்தெல்லாமோ சனம் வரும். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மம்மா எங்களோடுதான் இருந்தா. வீட்டில் ஏதாவது முடிந்தால், உடைந்தால், அறுந்தால் அம்மா முதலில் கூப்பிடுவது என்னை. நான் பொட்டால் ஓடுவேன்.

1990 ஜூன் மாதம் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையில் சண்டை மறுபடி தொடங்கியபின் மின்சாரம் நின்றது. கொஞ்ச நாளில் வந்துவிடும் என்று பல்புகளைக் கழற்றாமல் விட்டிருந்தோம். அவற்றின்மேல் தூசி படிந்து, குளவி வந்து கூடு கட்டியது. பிறகு குடாநாட்டுக்குள் வரும் சாமான்களுக்குத் தடை வந்தது. எரிபொருள் இல்லை, பற்றறி இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை. தடைப் பட்டியலில் இல்லாத சாமானும் வழியில் குறைந்து, விலை ஏறித்தான் கடைக்கு வந்து சேர்ந்தது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து வந்த பொருட்களை, சைக்கிள் கரியரில் அடுக்கிக் கட்டி, சொந்தக் கால் வலுவில் மிதித்துக் கொண்டுவந்தார்கள் வியாபாரிகள்.

அந்தக் காலத்துச் சண்டையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது குசினியைப் பற்றி. விமானம் வந்த நாட்களுக்கு நடுவில் வராத நாட்களும் இருந்தன. அந்த நாட்களிலும் வாளி ஓட்டையாகும், திரி கருகும், கூரை ஒழுகும். வேறு ஊரில் ஒரு கடைக்குப் போய்ச் சில நிமிடத்தில் முடிக்கிற அலுவல் எங்களுக்கு ஒரு பகல் முழுவதையும் தின்றது.

அரிக்கன் லாம்பு எல்லா வீட்டிலும் இருந்தது. ஆனால் அது மண்ணெண்ணெய் குடிக்கும். அதனால் ஊர் முழுக்க ஜாம் போத்தல் விளக்குப் பரவியது. அம்மா அதைச் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, அடியில் பஞ்சை அமத்திப் பரப்புவா. பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விடுவா. போத்தலைச் சரித்துப் பார்க்கும்போது ஒரு துளியும் ஓடக் கூடாது. ஓடினால் விட்டது கூடிப்போயிற்று. பழைய சைக்கிள் ரியூப்பில் கழற்றிய வால்வுக் கட்டைக்குள் நூல் திரியைச் செருகி, கட்டையை மெல்லிய கம்பியில் பிணைத்து, திரியை அடுப்பில் கொளுத்தி, மெதுவாகப் போத்தலுக்குள் இறக்கி, கம்பியின் மற்ற நுனியை விளிம்பில் கொழுவுவா. திரியின் வால் பஞ்சைத் தொட்டபடி இருக்கும். சுடர் கண்ணாடிக்குள் நிற்பதால் காற்றுக்கு அணையாது. பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத்தான் விடும், திரியும் மெல்லியது. எனவே சுடர் ஒரு நகத்தளவுக்குமேல் வளராது. அந்த வெளிச்சத்தில் புத்தகத்தின் ஒரு பக்கம் தெரியும். மறுபக்கத்துக்குப் புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

அண்ணா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது அந்த விளக்கில்தான். அவனுக்கு எதிரே நான், இடையில் போத்தல். அம்மா குசினியில் அடுப்பு வெளிச்சத்திலேயே காய் வெட்டுவா. அம்மம்மாவுக்கு வெளிச்சமே தேவைப்படவில்லை. இருட்டில் கையால் தடவி வெற்றிலைத் தட்டத்தை எடுத்து, பாக்கை வெட்டி, சுண்ணாம்பை அளவாகத் தடவுவா. எட்டு மணிக்குப் பிறகு விளக்கு யாருக்கு என்பதில் ஒவ்வொரு இரவும் எனக்கும் அண்ணாவுக்கும் வழக்கு. அம்மா இருவரையும் விசாரிப்பா. நாளைக்கு யாருக்குச் சோதனை, யாருக்கு வீட்டுவேலை என்று கேட்டுத் தீர்ப்புச் சொல்லுவா. தீர்ப்பில் அவவின் தையல் வேலை ஒருநாளும் கணக்கில் வந்ததில்லை.

சூடேறிய கண்ணாடியில் கூரை ஒழுக்கின் ஒரு துளி பட்டால் போதும், போத்தல் மேலிருந்து கீழாக வெடிக்கும். ஜாம் வராத ஊரில் புதிய ஜாம் போத்தல் எங்கே கிடைக்கும்? உடைந்தது உடைந்ததுதான். அதனால் விளக்கை எங்கே வைப்பதென்பதை மழை தீர்மானித்தது. முதல் தூறலில் எங்கெங்கே சொட்டுகிறது என்று பார்த்து, அங்கெல்லாம் சட்டி பானை வைத்தபின்தான் அம்மா போத்தலுக்கு இடம் பார்ப்பா. விடிந்ததும் உள்ளே படிந்த கரியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது என் வேலை. முன்பெல்லாம் பத்திரிகைத் தாளால் துடைத்தால் கண்ணாடி பளிச்சென்று வரும். அந்த நாட்களில் தாளுக்கும் தட்டுப்பாடு. ‘உதயன்’ கோடு போட்ட கொப்பித் தாளில்கூட அச்சாகி வந்தது. அந்த வழுவழுத்த தாள் கரியை இழுக்கவில்லை. பழைய வேட்டித் துண்டுதான் சரிவந்தது.

நெருப்புப் பெட்டிக்கும் அதே கதை. குச்சியை பிளேட்டால் நெடுக்காகப் பிளந்து, ஒன்றை இரண்டாக்குவா அம்மா. மாரியில் குச்சி நமத்துவிடும். பெட்டியை அடுப்புக்கு மேலே பரணில், விறகோடு வைத்தாலும் சில நாளில் பற்றாது. அந்த நேரம் சிரட்டையை என் கையில் தந்து பொட்டைக் காட்டுவா. மேற்கு வளவு ஆச்சி வீட்டில் நெருப்பு அணைவதே இல்லை. இரவு படுக்கப் போகுமுன் காய்ந்த பொச்சு மட்டை ஒன்றைத் தணலுக்குள் செருகி, மேலே சாம்பலை மூடிவிடுவா ஆச்சி. விடியச் சாம்பலைக் கிளறினால் உள்ளே சிவப்பாகக் கிடக்கும்.

விளக்கு வைத்தபின் உப்பும் நெருப்பும் காசும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் கண்டிப்பான வழக்கம். போனால் அவற்றோடு சீதேவியும் போய்விடுவா என்பார்கள். மழை இருட்டில் ஒருநாள் நான் சிரட்டையோடு போய் நின்றபோது ஆச்சியின் வீட்டில் சாமி விளக்கு ஏற்றியாகிவிட்டது. கேட்கப் பயந்து முற்றத்தில் நின்றேன்.

“என்ன பிள்ளை, நனைஞ்சு கொண்டு நிக்கிறாய்?”

“அம்மா ஒரு தணல் வாங்கிவரச் சொன்னவ, ஆச்சி. ஆனா விளக்கு வைச்சிட்டீங்கள்.”

ஆச்சி ஒரு கணம் சாமியறைப் பக்கம் பார்த்தா. பிறகு குறட்டை எடுத்தா.

“விளக்கு வைச்சாப் பிறகு நெருப்புக் குடுக்கக் கூடாதெண்டு என்ரை அம்மா சொல்லுறவ. அவவின்ரை காலத்திலை கடையிலை நெருப்புப் பெட்டி இருந்தது. நீ கொண்டு போ. சிரட்டையை ஓலையாலை மூடிக்கொண்டு போ, கால் பாத்து.”

அதற்குப் பிறகு அந்தி நேரத்துக் கொடுக்கல் வாங்கலை ஆச்சி வீட்டில் யாரும் குறையாகப் பார்க்கவில்லை. பெரிய சபை கூடி மாற்றிய வழக்கமல்ல அது. தன் வீட்டுச் சீதேவியைப் பணயம் வைத்து அயல்வீட்டு அடுப்பை எரியவிட்டவ ஆச்சி. சீர்திருத்தம் என்று மேடையில் பேசப்படுபவற்றைவிட அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

உடுப்புத் தோய்ப்பது இன்னொரு பாடு. சவர்க்காரம் கிடைத்தபோது அம்மா அதை நூலால் சிறு துண்டுகளாக அறுத்து, வெயிலில் காயவைத்து இறுக்கி, எங்கள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளுக்கு மட்டும் எடுப்பா. மற்ற உடுப்பெல்லாம் பனம்பழத்துக்கு. ஆவணி புரட்டாதியில் பனங்காணியில் பழம் பொத்துப் பொத்தென்று விழும். விடியக் கடகத்தோடு போனால் பொறுக்கலாம். பிந்தினால் மாடு முந்திவிடும். தோலை உரித்து, நாரோடு ஒட்டிய களியைத் தண்ணீரில் பிசைந்து பிழிந்தால் மஞ்சளாக, லேசாக நுரைக்கிற ஒரு தண்ணீர் வரும். உடுப்பை அதில் ஊறவைத்துக் கசக்கினால் ஊத்தை போகும். உண்மையாகவே போகும். ஆனால் மஞ்சளும் மணமும் போகப் பலதரம் அலச வேண்டும், ஒவ்வொரு அலசலுக்கும் கிணற்றில் அள்ள வேண்டும். கடைசி அலசலில் அம்மாவின் விரல்நுனிகள் வெளிறிச் சுருங்கியிருக்கும்.

அலசல் போதாவிட்டால் அது கொடியில் தெரியும். பனம்பழ மணத்துக்கு மாடுகள் வேலியையும் தாண்டும். அப்பாவின் சாரம் ஒன்றை ஆச்சி வீட்டுச் சிவலைப் பசு பாதிவரை மென்றுவிட்டது. அம்மா கத்திக்கொண்டு ஓடி மற்றப் பாதியை இழுக்க, பசு விடாமல் இழுக்க, சத்தம் கேட்டு ஆச்சி பொட்டால் வந்தா. பசுவின் வாயில் இருந்த துணியைப் பார்த்ததும் அவவுக்கு முகம் செத்துவிட்டது. அடுத்தநாள் ஆச்சியின் மகன் புதிய சாரம் ஒன்றோடு வந்தார். அம்மா வாங்க மறுத்தா. “பசு என்ன செய்யும், நான்தான் வடிவா அலசேல்லை” என்றா. அதிலிருந்து நாங்கள் உடுப்புக் காயப்போட்டால் ஒருவர் தடியோடு காவல். எங்கள் வளவில் மட்டுமல்ல, ஒழுங்கை நெடுகிலும் பின்னேரத்தில் சிறுபிள்ளைகள் கொடிக்கடியில் குந்தியிருந்து பாடம் படித்தது அதனால்தான். பிழிந்த கொட்டைகளையும் வீசுவதில்லை. பாத்தியில் அடுக்கி மண் மூடினால் தை மாசத்தில் கிழங்கு கிண்டலாம்.

எல்லாவற்றிலும் பொல்லாதது கிணற்றுக் கயிறு அறுவது. எங்களுடையது பங்குக் கிணறு. எங்களுக்கும் கிழக்கு வளவுக்காரருக்கும் பாதிப் பாதி. உறுதியில் அப்படி எழுதியிருந்தது. தண்ணீர்ப் பம்ப் வைத்திருந்த தோட்டக்காரர்கள் மண்ணெண்ணெய் இல்லாமல் துலாவுக்குத் திரும்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் எப்போதும் துலாதான். நைலோன் கயிறு வாங்க முடியாத விலைக்குப் போனபின் தும்புக் கயிறு போட்டோம். தும்புக் கயிறு எப்போதும் ஈரமாக இருந்தால் உள்ளே உக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஒருநாள் நிறைவாளி மேலே வரும் நேரத்தில் அறுந்தது. துலாவின் கல் கட்டிய பக்கம் தடாரென்று நிலத்தில் அடித்தது. வாளி கீழே போனது. நல்ல காலம், துலாவின் கீழே யாரும் நிற்கவில்லை. அம்மம்மா வழமையாக அந்தப் பக்கம்தான் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவா.

வாளி இல்லை என்றால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லை என்றால் எதுவும் இல்லை. வேறொரு வாளி வாங்கும் பேச்சுக்கே இடமில்லை, விழுந்ததை எடுத்தாக வேண்டும். சந்திக்கு அருகே ஒரு வீட்டில் பாதாளக் கரண்டி இருந்தது. அதைச் சும்மா தர மாட்டார்கள். ஒரு செம்போ பேணியோ அங்கே வைத்துவிட்டுத்தான் எடுத்து வரலாம். நம்பிக்கையீனம் காரணமல்ல, இன்றைக்கு யார் வீட்டில் அது இருக்கிறது என்று மறக்காமல் இருக்கவே அந்த ஏற்பாடு. அடுத்தவன் வந்து கேட்டால், திண்ணையில் இருக்கும் செம்பைப் பார்த்து, ‘வாத்தியார் வீட்டிலை நிக்குது, அங்கை போய் வாங்கு’ என்று சொல்லிவிடுவார்கள். அண்ணா அம்மம்மாவின் பித்தளைச் செம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அதை வாங்கி வந்தான்.

இரும்பு வளையம் ஒன்று. அதிலிருந்து சங்கிலி சங்கிலியாகத் தொங்கும் கொழுக்கிகள், நாலு திசைக்கும் வளைந்தவை. துருப்பிடித்துக் கறுத்திருந்தாலும் கொழுக்கிகளின் நுனிகள் மட்டும் கிணறுகளின் அடியில் உரசி உரசி மினுங்கின. அதைக் கயிற்றில் கட்டி, அடி தட்டும்வரை இறக்கி, பிறகு வட்டமாக மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் சேறு கலங்கி அன்றைய தண்ணீர் கெட்டுவிடும். கிழக்கு வளவு மாமா கிணற்றுக் கட்டில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். கண் உதவாத வேலை அது. கயிற்றின் வழியாகக் கையில் தெரிவதுதான் கணக்கு. ‘இது கல்லு… இது வேர்… இது தகரம்’ என்று சொல்லிக்கொண்டே போனார். பழைய பால்மாப் பேணி ஒன்று வந்தது, பிடி இல்லாத அகப்பை ஒன்று வந்தது. பிறகு கயிறு பாரமாகி நிமிர்ந்தது. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல், ஒரு முழம் ஒரு முழமாகத் தூக்கினார். ஒரேயொரு கொழுக்கி வாளியின் காதில் மாட்டியிருந்தது. நடுவில் யாராவது இருமியிருந்தாலும் வழுவியிருக்கும் போல இருந்தது.

வாளி வந்தாலும் கயிறு இல்லையே. அன்றைக்கும் மறுநாளும் ஆச்சி வீட்டுக் கிணற்றில் அள்ளினோம். ஆச்சி வீட்டில் ஊறப்போட்டு அடித்த தும்பு மூட்டையாகக் கிடந்தது. மாமா ஒரு முனையைக் கதியாலில் கட்டிவிட்டு, பின்னுக்கு நடந்து நடந்து திரித்தார். அண்ணா தும்பு ஊட்டினான். தும்பு ஆச்சியுடையது, திரித்த கை மாமாவுடையது, கிணறு பாதி எங்களுடையது. அதற்கு விலை பேச எவராலும் முடிந்திருக்காது. அம்மா அவித்த பனங்கிழங்கைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தா.

மாரிகாலத்துப் பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அவை எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலும் இருந்தவை. கூரை ஒழுகினால் உள்ளிருந்தே ஓலையைத் தூக்கி இன்னோர் ஓலை செருகுவார் அப்பா. விறகு நனையாமல் பரணில் அடுக்குவோம். சீமெந்து இல்லாததால் குசினித் தரையின் வெடிப்புகளுக்குப் புற்றுமண்ணும் சாணியும் குழைத்து மெழுகினோம். அது நல்ல குளிர்ச்சி.

ஆண்களுக்கு இருந்த பெரிய தட்டுப்பாடு பற்றறி. செத்த பற்றறியை வெயிலில் வைத்து, தகரப் பேணியில் போட்டுச் சூடாக்கி, இன்னும் ஓரிரு நாள் உயிர் எடுத்துப் பார்ப்பார்கள். அதுவும் முடிந்தால் சைக்கிள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார்கள். ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர்கள் பி.பி.சி. ‘தமிழோசை’யோ வெரித்தாஸ் வானொலியோ கேட்பார்கள். மிதி தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். “மிதியடா, மிதியடா!” என்று நாலு பக்கமும் இருந்து சத்தம் வரும். அண்ணா வியர்த்து ஒழுக மிதித்துக்கொண்டே செய்தியில் ஒரு சொல்லும் கேட்காமல் விடுவான். முடிந்ததும் என்ன சொன்னது என்று மற்றவர்களிடம் கேட்பான். ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் வைத்திருந்த ஒருவர், மை நிரப்பும் பில்லரால் ஒரு துளி பெற்றோலை இயந்திரத்துக்குள் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார். அவர் போனபின்னும் நெடுநேரம் வெள்ளைப் புகையும் மணமும் வேலியோரம் நிற்கும்.

இந்தக் கதைகளை இப்போது புலம்பெயர்ந்த நாடுகளில் விருந்துகளில் சிரித்துச் சிரித்துச் சொல்கிறோம். பிள்ளைகளும் ஆசையோடு கேட்கிறார்கள். எங்கள் கெட்டித்தனம் என்று சொல்கிறோம். கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கெட்டித்தனத்தை யாரும் விரும்பித் தேடவில்லை. அது எங்கள்மேல் சுமத்தப்பட்டது. அதன் பெரும்பங்கைச் சுமந்தவர்கள் பெண்கள். டைனமோ ரேடியோவைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் பனம்பழ அலசலைப் பற்றிப் பேசுகிறோமா? செய்தி கேட்பது இரவில் கொஞ்ச நேரம். அலசல் விடிந்ததில் இருந்து வெயில் ஏறும்வரை. என் அம்மா நாற்பது வயதுக்குள் முதுகு கூனியது அந்தத் துலாவிலும் அந்தச் சட்டியிலும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை விட்டுவிட்டு ஜாம் போத்தலை மட்டும் கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

1994 ஓகஸ்ட் தேர்தலுக்குப் பிறகு சில சாமான்களுக்குத் தடை தளர்ந்தது. சவர்க்காரம் வந்தது. அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் வைத்தா. அடுத்த ஏப்ரலில் சண்டை திரும்ப வந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் புறப்பட்டது. செம்மணியால், நாவற்குழிப் பாலத்தால், கோப்பாய் கைதடி வீதியால், ஏறத்தாழ 4 இலட்சம் பேர். விடியப் பார்த்தால் எங்கள் ஒழுங்கை முழுவதும் நனைந்த மனிதர்கள். அப்பா படலையைக் கழற்றி ஓரத்தில் சாத்தினார். அன்றைக்கே எங்கள் வீட்டு விறாந்தையிலும் மாட்டுக் கொட்டிலிலும் மாமரத்தடியிலும் குடும்பம் குடும்பமாகச் சனம். ஜாம் போத்தலையும் பாதிச் சவர்க்காரத்தையும் கணக்குப் பார்த்து வைத்திருந்த வீட்டில் இப்போது அத்தனை பேருக்கும் ஒரு கிணறு, ஒரு கக்கூசு.

முதல் கிழமை குழப்பந்தான். பிறகு கோண்டாவிலில் இருந்து வந்த அக்கா ஒருவரும் அம்மாவும் சேர்ந்து ஒழுங்கு வைத்தார்கள். விடிகாலை குடிதண்ணீர் மட்டும் அள்ளுவது. அது முடியும்வரை கிணற்றடியில் யாரும் கால் கழுவக் கூடாது. பிள்ளைகளுக்கு ஆறவைத்த கொதிதண்ணீர். குளிப்பு மாறி மாறி. ஆண்கள் வளவின் தெற்கு மூலையில், கிணற்றுக்குத் தூரமாக, குழி வெட்டி மறைப்புக் கட்டினார்கள். மறைப்புக்குக் கிடுகு வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும். இரண்டுக்கும் கைக்கெட்டியது வேலி. முதலில் உக்கின ஓலை போனது, பிறகு நல்ல ஓலை. தைப்பொங்கலுக்குள் எங்களுக்கும் ஆச்சிக்கும் நடுவில் கதியால்கள் மட்டும் வரிசையாக நின்றன. ஆச்சி வீட்டிலும் சனம் நிறைந்திருந்தது. இரண்டு வளவுப் பிள்ளைகளும் எங்கே யார் வளவு என்று தெரியாமல் ஓடித் திரிந்தார்கள். அப்பா கதியால்களைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். அதே எல்லைக்காகத் தாத்தா ஒரு காலம் கோட்டுக்கு அலைந்தவர்.

மாசி, பங்குனியில் கிணற்று நீர் இறங்கியது. வாளியில் மணல் வந்தது. கோண்டாவில் அக்கா தண்ணீரைப் பானையில் தெளியவிட்டு, மேலாக மொண்டு, நாலாக மடித்த வேட்டித் துண்டால் வடித்தா. அம்மாவுக்குக் கோபம் வந்த நாட்களும் இருந்தன. விறகுக்காக, சட்டி கழுவாமல் விட்டதற்காக, யாரோ ஒருவரின் பிள்ளை மிளகாய்க் கன்றைப் பிடுங்கியதற்காக. சத்தம் போடுவா. அக்காவும் திருப்பிச் சத்தம் போடுவா. பொழுது சாய்ந்தால் இருவரும் ஒரே சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு இருப்பார்கள்.

1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தது. வலிகாமத்துச் சனம் பெருந்தொகையாகத் திரும்பிப் போனது. முன்னரே வன்னிக்குப் போய்விட்டவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் இருந்தவர்களும் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அத்தனை மாதத்தில் பாத்திரமெல்லாம் கலந்துபோயிருந்தது. அம்மாவும் அக்காவும் எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பிப் பிரித்தார்கள். எங்களுடையவற்றில் அம்மம்மாவின் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கும். அவர்களுடையவற்றில் சிலவற்றுக்கு ஒரு புள்ளடி. கரண்டிகள் பிரிந்தன, செம்புகள் பிரிந்தன. கடைசியில் ஒரு அலுமினியப் பானை மிஞ்சியது. எழுத்தும் இல்லை, புள்ளடியும் இல்லை.

“இது உங்கடை, அக்கா. மழைக்குள்ளை வரேக்கை தலையிலை கவிட்டுக்கொண்டு வந்தனீங்கள்.”

“அது வேறை, தங்கச்சி. அது அடி ஓட்டை. இது உன்ரை குசினியிலை இருந்தது.”

“எனக்கு என்ரை சட்டி பானை தெரியாதே? கொண்டுபோங்கோ.”

“அங்கை வீடு நிக்குதோ இல்லையோ, உன்ரை பானையை எடுத்துக்கொண்டு போக ஏலாது.”

ஆச்சியைக் கூப்பிட்டார்கள். ஆச்சி பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன்னுடையது இல்லை என்று மட்டும் சொன்னா. அக்கா பானையைத் திண்ணையில் வைப்பா, அம்மா எடுத்து மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பா. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அக்காவின் புருஷன் சைக்கிளோடு நின்று, “கெதியா, கெதியா” என்றார். அம்மா பானைக்குள் அரிசியைக் கொட்டி, மேலே கொஞ்சம் பனங்கட்டியும் பிஞ்சுக் கத்தரிக்காயும் வைத்து, வாயைத் துணியால் கட்டி, “பானையைத் தரேல்லை, அரிசியைத்தான் தாறன். அரிசி முடிஞ்சாப் பிறகு பானையை என்ன செய்யிறதெண்டு யோசியுங்கோ” என்றா. அப்பா அதை வாங்கிக் கரியரில் வைத்து இறுக்கிக் கட்டினார்.